பிள்ளைகளும் புத்தகமும்: வாசகர் கேள்வி-பதில்

என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள், மற்றவர்கள் எஸ்டேட் பிள்ளைகள். கதைப் புத்தகம் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

படம் பார்ப்பதும் வாசிப்பின் தொடக்கம்தான், அதற்காகக் கண்டிக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு புத்தகத் தேர்வில் இருக்கும். ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையையும் திணறடிப்பவை சேர்த்து அச்சிட்ட நீளச் சொற்கள். ‘ஓடிக்கொண்டிருந்ததைப்பார்த்து’ என்று வந்தால் பாதியிலேயே மூச்சு வாங்கிவிடும். பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, பிரித்து அச்சிட்ட சொற்கள் என்று தொடங்குங்கள். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் வந்திருக்கின்றன. வகுப்பைப் பார்க்காமல், திணறுகிற பிள்ளைக்கு ‘நுழை’யையே கொடுங்கள்.

தினமும் 15 நிமிடம் வாசித்துக் காட்டுங்கள், ஒரே கதையை மூன்று நாள். முதல் நாள் முழுக்க நீங்களே வாசித்துவிட்டு, ஒரு பிள்ளையை விட்டு அதைப் படுக மொழியில் சொல்ல வையுங்கள். கதை புரிந்துவிட்டால் புத்தகத் தமிழ் மிரட்டாது. மறுநாள், திரும்பத் திரும்ப வரும் வரியில் பாதியில் நிறுத்துங்கள். மீதியை வகுப்பே சொல்லும். மூன்றாம் நாள் புத்தகம் அவர்கள் கைக்குப் போகட்டும். முடித்ததும் ‘இக்கதை கூறும் நீதி என்ன?’ என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி கதையைப் பாடமாக்கிவிடும்.

ஆடி மழையில் பள்ளி நூலகப் புத்தகங்களில் பூஞ்சணம் பூத்துவிட்டது. அந்துருண்டை போட்டும் நிற்கவில்லை.
– ஒரு வாசகர், கூடலூர்

அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் புழங்கும் அறையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். காற்றுப் போகும்படி தளர்வாக அடுக்குங்கள். பூத்த புத்தகத்தை அறைக்குள் தட்டினால் துகள் மற்றவற்றில் போய் உட்காரும். தனியே எடுத்து நன்றாக உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வழவழப்பான ஆர்ட் தாள் நனைந்தால், காயும் முன் பக்கங்களைப் பிரித்து இடையில் வெள்ளைத் தாள் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். ஒட்டியபடியே காய்ந்த பக்கத்தைப் பிரித்தால் படம் உரிந்துவிடும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சிறுவர் எழுத்தாளராக வேண்டும் என்கிறாள். அதை வைத்துப் பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், கொடைக்கானல்

அதை மட்டுமே நம்பி என்றால் தமிழில் கடினம். 80 ரூபாய்ப் புத்தகத்துக்குப் 10 சதவீதம் ராயல்டி என்று வைத்தால், ஆயிரம் பிரதி விற்றாலும் 8,000 ரூபாய்தான். படப் புத்தகத்தில் ஓவியருக்கும் பங்கு உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி மற்றவர்களையும் எழுத வைத்தார். சிறு சிறு அடி, புழங்கு சொல், கை தட்டிப் பாடும் ஓசை என்பதால்தான் அவர் பாட்டுகள் பிள்ளைகள் வாயில் நிற்கின்றன. மகள் எழுதியதைப் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர்கள் வேறு பக்கம் திரும்புகிறார்களோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கட்டும். திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.