கடை அடைத்த பிறகும் ஓடும் மீட்டர்: ஓட்டல், மெஸ், கல்லூரி மின்செலவு பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். கல்லூரி வளாகங்களில் மின்பராமரிப்பு வேலையை இருபத்தாறு வருடம் பார்த்தவன் நான். இப்போது நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஓட்டல், பேக்கரி, விடுதிச் சமையலறை என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய், கரண்டும் கேஸும் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். வந்த கேள்விகளில் பாதி "என்ன வாங்கலாம்?" என்றுதான் இருக்கிறது. அதற்கு முன்னால், யாரும் சாப்பிடாத, யாரும் படிக்காத நேரத்தில் உங்கள் இடத்தில் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள். நான் கண்ட நஷ்டத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது.

வடசேரி சாயாக்கடைக்காரர்: அண்ணாச்சி, சிலிண்டர் விலை தாங்கவில்லை. இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் லாபமா?

பதில்: கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு இருக்கிறது. கடை அடுப்பில் அதில் பாதி பாத்திரத்துக்குள் போனாலே பெரிது; மீதி உங்களைத்தான் வியர்க்க வைக்கிறது. இண்டக்ஷனில் நூற்றுக்கு 85 பங்கு வரை உள்ளே போகும். ஆக, ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலையை ஏழரை யூனிட் கரண்ட் செய்துவிடும். 19 கிலோ சிலிண்டருக்கு 140 யூனிட் சொச்சம். உங்கள் வணிக இணைப்பில் 140 யூனிட்டுக்கு எவ்வளவு வருகிறது, சிலிண்டர் என்ன விலை, இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் ஒன்று, ஐந்து கிலோவாட் அடுப்பு வைத்தால் அனுமதித்த மின்பளு (உங்கள் இணைப்பில் ஒரே நேரத்தில் இழுக்க அனுமதித்த அளவு) போதுமா, வயர் தாங்குமா என்று பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். பழைய கடைகளின் வயரிங்கைப் பார்த்துப் பலமுறை பயந்திருக்கிறேன்.

அதுவரைக்கும் இருக்கிற பர்னரைக் கவனியுங்கள். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா? தீ மஞ்சளாக எரிகிறதா? அப்படியானால் கேஸ் முழுதாக எரியவில்லை. துவாரத்தைச் சுத்தம் செய்து, காற்று போகிற வாயைச் சரிசெய்தால் தீ நீலமாகும். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

நாகர்கோவில், விடுதி மெஸ் பொறுப்பாளர்: நானூறு பேருக்குச் சமைக்கிறோம். நம் ஊர் வழக்கப்படி மதியம் சம்பா அரிசிச் சோறுதான். கேஸ் செலவு மற்ற ஊர் விடுதிகளைவிடக் கூடுதல் என்கிறார்கள். அரிசியை மாற்றச் சொல்கிறது நிர்வாகம்.

பதில்: அரிசியை மாற்ற வேண்டாம் அக்கா, பிள்ளைகள் சாப்பிட்டு வளர்ந்த சோறு அது. வேகிற விதத்தை மாற்றுவோம்.

தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு தீயைக் கூட்டினால் அரிசி சீக்கிரம் வேகாது. கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாகத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும் சூட்டில், குழாய்த் தண்ணீர் ஏழு லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். உங்கள் சமையலறைக் கூரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தொங்குகிறது என்றால் அது உங்கள் சிலிண்டர்தான்.

அதனால் சம்பா அரிசியைக் கழுவி, இரண்டு மணி நேரமாவது ஊற வைத்துவிட்டு உலையில் போடச் சொல்லுங்கள். கொதி வந்ததும் மூடி போட்டு, தளதளவென்று இல்லாமல் மெல்லக் கொதிக்கிற அளவுக்குத் தீயைக் குறையுங்கள். வடிக்கிற கஞ்சியின் அளவையும் ஒருநாள் அளந்து பாருங்கள். தேவைக்கு மேல் உலைத்தண்ணீர் வைத்தால், காசு கொடுத்துச் சுட வைத்த தண்ணீரை ஓடையில் கொட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். சமையல்காரர்களிடம் இதைக் கட்டளையாகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் நின்று, ஊறிய அரிசியும் ஊறாத அரிசியும் எத்தனை நிமிடத்தில் வேகிறது என்று அவர்களையே கடிகாரம் பார்க்க வையுங்கள். ஒரு மெஸ்ஸில் இப்படித்தான் செய்தோம். அடுத்த நாள் காலையில் நான் போகும் முன்பே அண்டாவில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

அதே பொறுப்பாளர்: மிச்சச் சோறும் காய்கறிக் கழிவும் தினம் நூறு கிலோ வரும். சாண எரிவாயுக் கலம் போல ஏதாவது வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், சாணமே வேண்டியதில்லை, தொடங்கும்போது மட்டும் கொஞ்சம் போதும். நூறு கிலோ உணவுக் கழிவில் பத்து கன மீட்டர் அளவுக்கு வாயு எதிர்பார்க்கலாம். நாலு, நாலரை கிலோ கேஸுக்குச் சமம். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் இருக்கிற விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்தார் 'சக்தி சுரபி' என்ற பெயரில் சமையலறைக் கழிவுக்கென்றே ஒரு கலம் உருவாக்கியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எலுமிச்சைத் தோலையும் முட்டை ஓட்டையும் அதில் போடக் கூடாது. தினமும் கவனிக்க ஒரு ஆள் இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

குளச்சல் மீன் கடைக்காரர்: ஃப்ரீசர் ராத்திரி பகலாக ஓடுது. மெக்கானிக் கம்ப்ரெஸ்ஸரை மாற்றணும்னு சொல்றான்.

பதில்: அவசரப்படாதீர்கள். கடற்காற்றில் உப்பும் தூசியும் பின்பக்கக் காயிலில் அப்பிக்கொண்டால் சூடு வெளியே போகாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷால் தகடுகளின் போக்கிலேயே தேய்த்து எடுங்கள். பிறகு கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், உள்ளே ஐஸ் தடித்திருந்தால் உருக்கிவிடுங்கள். இதெல்லாம் செய்தும் நிற்காமல் ஓடினால் மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம். கரண்ட் மிச்சம் என்று சொல்லி மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏற்றி வைக்காதீர்கள், மீன் கெட்டுவிடும்.

தக்கலை பேக்கரி: மின் அடுப்பைக் காலையில் சூடாக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது.

பதில்: ஒரே தடவை சூடாக்குங்கள். முதலில் ரொட்டியும் பன்னும், பிறகு கேக், கடைசியாக ரஸ்க். சூடு இறங்கிவருகிற வரிசையில் வேலையும் இறங்கட்டும். ரஸ்க்குக்கு அடுப்பை அணைத்த பிறகு மிஞ்சுகிற சூட்டிலேயே பாதி வேலை நடந்துவிடும்.

மார்த்தாண்டம், ஏத்தங்காய் சிப்ஸ் போடுபவர்: அடுப்பு பக்கத்தில் ஃபேன் வைக்காமல் நிற்க முடியவில்லை. அது கேஸைத் தின்னுமா?

பதில்: தீ சாய்ந்தால் தின்னும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகடு வையுங்கள், ஃபேன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

கல்லூரி அலுவலர், பெயர் வேண்டாம் என்றவர்: எங்களுடையது உயர் அழுத்த இணைப்பு (பெரிய வளாகங்களுக்குத் தருகிற இணைப்பு). விடுமுறை மாதத்திலும் பில் பெரிதாகக் குறைவதில்லை. ஏன்?

பதில்: இதற்கு இரண்டு காரணம். முதலாவது, பில்லிலேயே இருக்கிறது. உயர் அழுத்த இணைப்புக்கு நீங்கள் எட்டிய உச்சத் தேவை (மாதத்தில் அதிகபட்சமாக இழுத்த அளவு) அல்லது அனுமதி வாங்கிய தேவையில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்குத்தான் தேவைக் கட்டணம். 200 கேவிஏ (தேவையை அளக்கிற அலகு) வாங்கி வைத்துக்கொண்டு வருடம் முழுதும் 110ஐத் தாண்டாமல் இருந்தால், 180க்குப் பணம் கட்டுகிறீர்கள். பன்னிரண்டு மாத பில்லை வரிசையாக வைத்து, அதிகபட்சம் எங்கே நின்றது என்று பாருங்கள். நிறைய இடைவெளி இருந்தால் தேவையைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். கூடவே பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் உருப்படியான வேலைக்குப் போகிற பங்கு) 0.90க்குக் கீழே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிக்கட்டுகிற கெபாசிட்டர் பேனலில் ஃப்யூஸ் போனது யாருக்கும் தெரியாமலே மாதக்கணக்கில் கிடக்கும்.

இரண்டாவது காரணத்தை நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கல்லூரியில் இரவு பதினொரு மணிக்கு மீட்டரைக் குறித்தேன், காலை ஐந்துக்கு மறுபடி குறித்தேன். ஆறு மணி நேரத்தில் 84 யூனிட். அதாவது யாரும் இல்லாத நேரத்தில் 14 கிலோவாட் ஓடிக்கொண்டே இருக்கிறது. டார்ச்சுடன் கிளம்பினோம். பூட்டிய கட்டடங்களில் வாட்டர் கூலர்கள், ஒரு ஆய்வகத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன். பிறகு ஒரு மாடியில் இருந்து தண்ணீர் விழுகிற சத்தம். ஏறிப் பார்த்தால் மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்பி வழிகிறது, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் சுவிட்சின் பந்து தொட்டிக்குள் இருக்கிற ஏணிப்படியில் சிக்கிக் கிடக்கிறது. வழிகிற குழாய்க்குக் கீழே சுவரில் பாசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அது ஒரு நாளில் படிந்த பாசி இல்லை. இன்றைக்கும் நினைத்தால் மனம் வேகிறது. கோடையில் அந்தக் கல்லூரியே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது.

கூலர்களுக்கு டைமர் போடுங்கள். சர்வர் அறையையும், மருந்தும் ரசாயனமும் வைத்த ஃப்ரிட்ஜ்களையும் மட்டும் தொடாதீர்கள்.

அதே அலுவலர்: ஃபேன்களை எல்லாம் பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடுகிற புதுவகை மோட்டார்) ஆக மாற்றலாமா? ஒரே தடவையில் பணம் இல்லை.

பதில்: விடுதியில் இருந்து ஆரம்பியுங்கள். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட் என்றால் மிச்சம் 45 வாட். வகுப்பறையில் நாளுக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 200 நாள்: 72 யூனிட் மிச்சம். விடுதி அறையில் பதினான்கு மணி நேரம், 270 நாள்: 170 யூனிட். ஃபேன் ஒன்றுதான், இடம்தான் வேறு.

ஆரல்வாய்மொழி மாணவர்: முப்பந்தலில் இத்தனை காற்றாலை கண்முன் சுற்றுகிறது. நம் கல்லூரி ஏன் கரண்டுக்குக் காசு கொடுக்க வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி மக்களே. அந்தக் கரண்ட் மின்கட்டமைப்பில் கலந்து எல்லா ஊருக்கும் போகிறது. கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் வீசுகிற மாதிரி மற்ற மாதங்களில் வீசாது. மொட்டைமாடி சோலார் உங்கள் கல்லூரிக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது: ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அந்த மாதங்களில் குறையும். கடலோரம் என்றால் தாங்கிச் சட்டமும் போல்ட்டும் துருப்பிடிக்காததாகக் கேளுங்கள்.

அதே மாணவர்: நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். நாளைக்கே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஒரு நோட்டு எடுங்கள். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, ஏழு நாள் இரவு பதினொன்றுக்கும் காலை ஐந்துக்கும் மீட்டரைக் குறியுங்கள். தேதி, நேரம், எண், அன்றைக்கு மழையா வெயிலா, இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை இரவுக் கணக்கைக் கட்டாயம் எடுங்கள், அதில்தான் வளாகம் காலியாக இருக்கும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.