காபி மெஷின்: பார்க்க வேண்டியது கடை விலையா, கப்புக்கு ஆகும் செலவா?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். வீட்டில் மாமனார், மாமியார், கணவர், நான், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன். மகனைத் தவிர நாலு பேருக்கும் காலையும் மாலையும் பில்டர் காபி வேண்டும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், அதனால் பகலில் எனக்கு மட்டும் இன்னும் இரண்டு காபி. மாதம் இரண்டு கிலோ பொடி ஆகிறது, கிலோ 800 ரூபாய். விடிகாலையில் டிகாக்‌ஷன் போடுவது 74 வயது மாமியார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது; போன மாதம் கொதிக்கும் தண்ணீரை விரலில் ஊற்றிக்கொண்டார். எனவே மெஷின் வாங்க நினைக்கிறோம். எனக்கு மட்டும் ஒரு கப்பும் போட வேண்டும், எல்லாருக்கும் மொத்தமாகவும் போட வேண்டும்.

மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, 17,000 ரூபாய் கேப்சூல் மெஷின், ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐயில். கேப்சூல் என்பது ஒரு கப்புக்கான பொடியை அடைத்து மூடிய சின்ன டப்பா; ஒன்று 55 ரூபாய். இரண்டு, 2,800 ரூபாய் டிரிப் காபி மேக்கர். மூன்று, அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் வீட்டு மெஷின்: ஒரு பக்கம் கேப்சூலில் ஒரு கப், மறுபக்கம் பொடி போட்டு 12 கப் ஜாடி. அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். மாதம் எட்டுத் தடவையாவது ஆப்பில் 250 ரூபாய்க்குக் காபி ஆர்டர் செய்கிறேன். கேப்சூல் மெஷின் வந்தால் அது நின்றுவிடும் என்று நினைக்கிறேன். கிரெடிட் கார்டில் 24,000 ரூபாய் பாக்கி இருக்கிறது, மினிமம் மட்டும் கட்டி வருகிறேன், வட்டி மாதம் 3.5 சதவீதம். சேமிப்புக் கணக்கில் 60,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மாமியாரின் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு காரணமே மெஷின் வாங்கப் போதும். வயதானவர் தினமும் விடிகாலையில் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தூக்க வேண்டாம் என்பதற்காகச் செய்யும் செலவை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த மெஷின், எந்தப் பணத்தில் என்பதுதான் கேள்வி.

மெஷின் விலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, இப்போது குடிக்கும் காபிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். நாலு பேருக்கு இரண்டு வேளை எட்டு, உங்களுக்கு மட்டும் இரண்டு, ஆக நாளுக்குப் பத்து. மாதம் 300 காபி. பொடிச் செலவு 1,600 ரூபாய். ஒரு காபிக்குப் பொடி ஐந்தே கால் ரூபாய் சொச்சம்தான். பால், சர்க்கரை எந்த முறையில் போட்டாலும் ஒன்றுதான், அதை விட்டுவிடலாம்.

இப்போது கேப்சூல். வீட்டில் மற்றவர்கள் பில்டரிலேயே குடிக்கட்டும், பகலில் நீங்கள் குடிக்கும் இரண்டு மட்டும் கேப்சூலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 60 கேப்சூல், 3,300 ரூபாய். நாலு பேர் காலையும் மாலையும் குடிக்கும் 240 காபிக்குப் பொடி 1,280 ரூபாய். உங்கள் ஒருவருடைய இரண்டு கப், மொத்தக் குடும்பத்தின் எட்டு கப்பைப் போல இரண்டரை மடங்கு வாங்கிவிடும். அதே இரண்டு கப்பைப் பொடியில் போட்டால் மாதம் 320 ரூபாய். வருடத்துக்கு வித்தியாசம் 35,000 ரூபாயைத் தாண்டுகிறது, அதாவது மெஷின் விலையைப் போல இரண்டு மடங்கு.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். சின்ன கேப்சூலில் ஐந்து, ஆறு கிராம் பொடிதான் இருக்கும். 55 ரூபாயை அதால் வகுத்தால் கிராம் பத்து ரூபாய், கிலோ பத்தாயிரம் ரூபாய்! நீங்கள் வாங்கும் பொடி கிலோ 800. மேலும் கேப்சூல் மெஷினில் மொத்தமாகப் போட வழியில்லை. காலையில் நாலு பேருக்கு நாலு கேப்சூலை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காத்திருக்க வேண்டும், 220 ரூபாய் ஆகும். நீங்கள் கேட்ட இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் அது செய்யும்.

ஆப் காபி விஷயத்தில் உங்கள் கணக்கு முழுக்கத் தப்பில்லை. எட்டுத் தடவை 250 என்றால் மாதம் 2,000 ரூபாய். அந்த எட்டுக்கு மட்டும் கேப்சூல் போட்டால் 440 ரூபாய். மாதம் 1,560 மிச்சம், பதினோரு மாதத்தில் மெஷின் விலை வந்துவிடும். ஆனால் சமையல் மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மெஷினை மாதம் எட்டுத் தடவை மட்டும் தொடுகிற குடும்பத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. விருந்தாளி வந்தால் ஒன்று, மீட்டிங் முடிந்த களைப்பில் ஒன்று, மகனின் நண்பர்கள் வந்தால் நாலு. மாதம் 36 கேப்சூலைத் தாண்டினாலே ஆப்புக்குக் கொடுத்த 2,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். நாளுக்கு ஒன்றேகால் கப்கூட இல்லை அது. ஆப்பில் வருவதைப் போன்ற பால் குறைந்த காபிதான் வேண்டும் என்றால் ஒரு பிரெஞ்ச் பிரஸ் வாங்கிப் பாருங்கள். கண்ணாடி ஜாடியில் கொரகொரப்பாக அரைத்த, சிக்கரி சேராத பொடியைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, நாலு நிமிடம் கழித்து அமுக்க வேண்டியதுதான். ஒரு கப்பும் போடலாம், ஜாடி நிறையவும் போடலாம். கொதிநீர் ஊற்ற வேண்டியிருப்பதால் இது உங்களுக்கு மட்டும்தான், மாமியாருக்கு வேண்டாம்.

அண்ணன் அன்பாகச் சொல்கிறார், ஆனால் மெஷினைக் கொண்டுவர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அந்த மெஷினை நேரே இங்கே சொருகினால் ஹீட்டர் முதல் நாளே எரிந்துபோகும். பயண அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைக் குறைக்காது. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். காபி மெஷின் 1,500 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கக்கூடியது. அதற்கு ஏற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் தூக்க முடியாத கனம், விலையும் டிரிப் மேக்கரைவிட அதிகமாகவே இருக்கும். ரிப்பேர் என்றால் திருச்சியில் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். அங்குள்ள கேப்சூலும் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது.

ஆனால் அண்ணன் வீட்டு மெஷினில் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது: ஜாடிப் பக்கத்தில் நம் பொடியை நாமே போட்டுக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அமெரிக்கர்களே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கேப்சூல் மெஷின் விற்கும் கியூரிக் என்ற அமெரிக்க நிறுவனம் 2014இல் கொண்டுவந்த புது மெஷின், அனுமதி பெறாத கேப்சூல்களை ஏற்காதபடி செய்யப்பட்டிருந்தது. சொந்தப் பொடியை நிரப்பிக்கொள்ளும் கிண்ணமும் அதில் வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய், விற்பனையும் சரிந்தபின், அடுத்த வருடமே அந்தக் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. எந்த மெஷினைப் பார்த்தாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இதில் நான் வாங்கும் பொடியைப் போடலாமா?" என்பதுதான். இல்லை என்றால், அந்தக் கம்பெனி நாளைக்குச் சொல்லப்போகும் விலைக்கு நீங்கள் இன்றே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

பொடி விலையும் ஏறத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஏறுகிறதுதான். பிரேசிலில் மழை பொய்த்ததால் 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது; நம் ஊர் காபிப் பொடிக் கடைகளிலும் அது தெரிந்தது. ஆனால் உங்கள் பொடி கிலோ 1,000 ரூபாய் ஆனாலும் ஒரு காபிக்குக் கூடுவது ஒன்றரை ரூபாய்கூட இல்லை. கடையை மாற்றலாம், பீபெரியை விட்டு வேறு கொட்டைக்குப் போகலாம், காபி 80, சிக்கரி 20 என்ற கலவையை 70:30 ஆக்கலாம். பாக்கெட் பொடி என்றால் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஆகவே என் சிபாரிசு அந்த 2,800 ரூபாய் டிரிப் மேக்கர். தண்ணீரைத் தொட்டியில் பச்சையாக ஊற்றிப் பொடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் போதும், மாமியார் கொதிநீரைத் தொடவே வேண்டாம். பெரிய ஜாடிக்கு ஆசைப்படாதீர்கள். அமெரிக்க மெஷின்களில் ஜாடியில் போட்டிருக்கும் கப் கணக்கு கறுப்புக் காபிக்கானது, சுமார் 150 மில்லி. நமக்கு அதில் இறங்குவது டிகாக்‌ஷன், அதோடு பால் சேரும். நாலு டம்ளருக்குச் சின்ன ஜாடியே தாராளம். இன்னொரு காரணமும் உண்டு: மெஷினில் பொடி போடும் கூடை பெரிதாக இருந்து, அதில் ஒரு கப்புக்கான பொடியைப் போட்டால் அது அடியில் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் நில்லாமல் ஓடி, டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். சின்ன கூடையில் பொடி மேடாக நிற்கும்.

அப்படியும் ஒரே ஒரு கப் மெஷினில் அவ்வளவு நன்றாக வராது. அதற்கு இரண்டு கப் அளவுள்ள சின்ன எவர்சில்வர் பில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். பத்தரை மணிக்குப் பொடியைப் போட்டு, குடையால் லேசாக அமுக்கி, கொதிநீர் ஊற்றிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்கு டிகாக்‌ஷன் தயார். பெரியதற்கு மெஷின், ஒற்றைக்குப் பில்டர். இரண்டும் சேர்ந்து கேப்சூல் மெஷின் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும்.

பொடி விஷயத்தில் ஒன்று. பில்டருக்கு அரைக்கிற நைஸ் பொடியை அப்படியே டிரிப் மேக்கரில் போட்டால், சிக்கரியும் சேர்ந்து ஊறி அடைத்துக்கொண்டு, தண்ணீர் கூடைக்கு மேலே வழியும். கடையில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். பேப்பர் பில்டர் கேட்கும் மாடல் வேண்டாம், அது மாதாமாதம் செலவு. கழுவிப் போடும் வலை உள்ளதாகப் பாருங்கள். மின்சாரத்துக்குக் கவலைப்பட வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் சூடாக்கப் பத்தில் ஒரு யூனிட்கூட முழுசாக ஆகாது. ஆனால் ஜாடியை ஹாட் பிளேட்டிலேயே விட்டுவிட்டால் அரைமணியில் டிகாக்‌ஷன் கசந்துவிடும், கரண்டும் வீண். இறங்கியதும் அணைத்துவிடுங்கள்.

இனி பணம் எங்கிருந்து என்பது. நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லை என்று நம்ப வேண்டாம். கிரெடிட் கார்டில் பூஜ்ய வட்டித் திட்டம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அதே தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் காட்டுகிறார். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். 17,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் இது பெரும்பாலும் முந்நூறு, நானூறு ரூபாய்தான். பெரிய தொகை இல்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 24,000 ரூபாய் பாக்கி. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 840, அதன்மேல் ஜிஎஸ்டி 151. மாதம் கிட்டத்தட்ட 1,000 ரூபாய் ஒன்றுமில்லாமல் போகிறது. நாலு பேருடைய முக்கால் மாதக் காபிப் பொடி அது. போதாததற்கு, பாக்கி வைத்திருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது. இன்னொரு பக்கம் 60,000 ரூபாய் இரண்டரை, மூன்று சதவீத வட்டிக்குச் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வருடத்துக்கு 42 சதவீதக் கடனை ஓடவிட்டு மூன்று சதவீதத்தில் சேமிப்பது சேமிப்பாகாது. இன்றே அதிலிருந்து 24,000 எடுத்துக் கார்டு பாக்கியை முழுசாகக் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் சில நூறு ரூபாய் மீதி வட்டி வரும், அதையும் கட்டிவிட்டால் கணக்கு சுத்தம். கையில் 36,000 இருக்கும். அதிலிருந்து 2,800 ரொக்கமாகக் கொடுத்து மெஷினை வாங்குங்கள். மிச்சமாகும் வட்டிப் பணமே மூன்று மாதத்தில் மெஷின் விலையை ஈடுகட்டிவிடும். அதன்பிறகு அந்த ஆயிரத்தை மாதாமாதம் ஆர்டியில் போட்டு, எடுத்த 24,000ஐத் திரும்ப நிரப்புங்கள். ஆப் காபியைப் பாதியாகக் குறைத்தால் இன்னொரு ஆயிரமும் சேரும், ஒரே வருடத்தில் நிரம்பிவிடும். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை; பிடித்ததை அறவே விட்டால் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

வாங்கும்போது சர்வீஸ் சென்டர் திருச்சியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள், ஜாடி உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இத்தகைய மெஷின்களில் முதலில் போவது பெரும்பாலும் கண்ணாடி ஜாடிதான், அது கிடைக்காவிட்டால் மெஷினே வீண். போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். குடிதண்ணீரையே ஊற்றுங்கள், மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரை ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். பில்லையும் கடை முத்திரை வைத்த வாரன்டி அட்டையையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும்.