வீட்டில் கட்டிய ஆம்ப்ளிபயர்: ஸ்விட்ச், ஹீட் சிங்க் கேள்வி பதில்

சொந்தமாக ஆம்ப்ளிபயர் கட்டுகிறவர்கள் கோளாறு வந்தால் முதலில் ஐசியைத்தான் (சத்தத்தைப் பெருக்கும் சிப்) சந்தேகப்படுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளைப் பார்த்தால், பெரும்பாலும் பழுது ஐசியில் இல்லை; ஸ்க்ரூ, மைக்கா (ஐசிக்கும், அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வைக்கும் மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு), ஒயரிங் என்று கை வேலையில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. அதன் ஒரு முனையில் அப்போதும் 230 வோல்ட் நிற்கும்.

ஈரோட்டிலிருந்து: சார், சிவப்பு விளக்கு எரிகிற மூன்று முனை ராக்கர் ஸ்விட்ச் போட்டேன். ஆன் செய்தவுடன் வீட்டு எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டாலும் விழுகிறது.

டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. கோளாறு ஸ்விட்ச் ஒயரிங்கில்தான். அந்த மூன்று முனைகளில் இரண்டுதான் ஸ்விட்ச். மூன்றாவது, உள்ளே இருக்கும் சின்ன நியான் விளக்குக்காக நியூட்ரல் வாங்கிக்கொள்கிற முனை. நீங்கள் ஸ்விட்சின் ஒரு முனையில் லைனும் மறு முனையில் நியூட்ரலும் கொடுத்திருக்கிறீர்கள். ஆன் செய்தால் இரண்டும் நேராக ஒட்டிக்கொள்ளும். எம்சிபி விழாமல் என்ன செய்யும்?

ஒயர்களை எல்லாம் எடுத்துவிட்டு மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வையுங்கள். ஸ்விட்சை ஆன் செய்தால் எந்த இரண்டு முனைகளுக்கு இடையே பீப் வருகிறதோ, அவைதான் ஸ்விட்ச். மீதி முனை பல ஸ்விட்சுகளில் பித்தளை நிறத்தில் தனியாகத் தெரியும். லைன் முதலில் ஃபியூஸுக்குப் போகட்டும், அங்கிருந்து ஸ்விட்சின் ஓர முனைக்கு. நடு முனையிலிருந்து டிரான்ஸ்பார்மர் பிரைமரியின் ஒரு ஒயர். நியூட்ரல், பிரைமரியின் மறு ஒயருக்கும் விளக்கு முனைக்கும். ஆஃப் செய்த பிறகும் விளக்கு எரிந்தால் லைனை நடு முனையில் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

முடிந்தால் நான்கு முனை ஸ்விட்சே வாங்குங்கள். அது லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும். சாக்கெட்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. எல்லா முனைக்கும் இன்சுலேஷன் ஸ்லீவ் கட்டாயம்.

மதுரையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, டிடிஏ2030 ஐசி இரண்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர். நண்பன் மைக்கா இல்லாமல் ஐசியை நேராக ஹீட் சிங்க்கில் முடுக்கியிருக்கிறான், நன்றாகப் பாடுகிறது. நானும் அப்படியே செய்தேன். மேஜையில் வைத்தால் பாடுகிறது. ஹீட் சிங்க்கைக் கேபினெட்டில் முடுக்கினால் ஃபியூஸ் போகிறது.

தம்பி, நண்பன் என்ன சப்ளை கொடுக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒற்றை சப்ளையாக இருக்கும். டிடிஏ2030-இன் முதுகுத் தகடு உள்ளேயே 3-ஆம் பின்னோடு சேர்ந்தது. ஒற்றை சப்ளையில் அந்தப் பின் கிரவுண்ட், அதனால் ஹீட் சிங்க் எதைத் தொட்டாலும் கவலையில்லை. உங்களுடையது இரட்டை சப்ளை, கிரவுண்டுக்கு மேலே பிளஸ், கீழே மைனஸ் என்று இரண்டு. அதில் 3-ஆம் பின் மைனஸ் சப்ளை. உங்கள் ஹீட் சிங்க் முழுவதும் மைனஸ் 17 வோல்ட் அளவில் நிற்கிறது. இரண்டு ஐசிக்கும் அதே மைனஸ்தான் என்பதால் மேஜையில் ஒன்றும் ஆகவில்லை. கேபினெட் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது. அதைத் தொட்டவுடன் மைனஸ் சப்ளை ஷார்ட்.

ஐசிக்கு அடியில் மைக்கா, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ், இரண்டும் வேண்டும். மைக்கா போட்டு புஷ்ஷை விட்டுவிட்டால் ஸ்க்ரூ வழியாக அதே ஷார்ட் வரும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டிரில் போட்ட ஓட்டையின் ஓரத்தில் அலுமினியப் பிசிறு நிற்கும், முடுக்கும்போது அது மைக்காவைக் குத்திக் கிழித்துவிடும். பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றி ஓரத்தை மழுக்குங்கள். மைக்காவின் இரு பக்கமும் ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பி வைத்தால் சூடு போவது குறையும். முடுக்கிய பிறகு, சப்ளை கொடுக்கும் முன், ஐசி தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். பீப் வரவே கூடாது.

டிரான்ஸ்பார்மரை 15-0-15 ஆக மாற்றிவிடாதீர்கள். டிசியாக ரெக்டிபை ஆகும்போது அது 20 வோல்ட்டைத் தாண்டும். டிடிஏ2030-இன் எல்லை பிளஸ் மைனஸ் 18 தான்.

சேலத்திலிருந்து: எல்எம்3886 ஐசி போட்டிருக்கிறேன், பிளஸ் மைனஸ் 28 வோல்ட். பாட்டே ஓடவில்லை, ஹீட் சிங்க் கை வைக்க முடியாமல் சுடுகிறது.

சும்மா இருக்கும்போது இந்த ஐசி ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். மொத்தம் 56 வோல்ட்டில் அது 2.8 வாட். ஹீட் சிங்க் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். குளிர்ந்துவிட்டால் அவுட்புட்டில் டிசி வருகிறது. மீட்டரில் பார்த்தால் சில பத்து மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டவே வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமலும் சுட்டால், காதுக்குக் கேட்காத ஆசிலேஷன், அதாவது இன்புட் இல்லாமலே ஐசி தானாக அதிர்கிறது. அவுட்புட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரோடு தொடராக 2.7 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது சுடுகிறதா என்று, பிளக்கை உருவிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சந்தேகமே வேண்டாம். சப்ளை பின்களுக்கு ஒட்டி 0.1 கபாசிட்டர் இருக்கிறதா, இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் போட்டீர்களா என்று பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: அவுட்புட்டில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி. அரை மணி நேரம் நன்றாகப் பாடுகிறது, அப்புறம் சூடு ஏறிக்கொண்டே போய் ஃபியூஸ் போகிறது. பிடி139 டிரான்சிஸ்டர் போர்டிலேயே நிற்கிறது.

உங்கள் கடைசி வரியில்தான் காரணம் இருக்கிறது. டிரான்சிஸ்டர் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் பேஸ் எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரைச் சற்றே திறந்து வைக்கும் வோல்டேஜ்) அப்படியே நின்றால் கரண்ட் கூடும், சூடு கூடும், மறுபடி கரண்ட் கூடும். அந்தச் சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைப்பதுதான் பிடி139-இன் வேலை. அதை அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில், அதே ஹீட் சிங்க்கில், மைக்கா வைத்து முடுக்குங்கள். போர்டுக்கு வரும் மூன்று ஒயர்களும் சின்னதாக இருக்கட்டும்.

பயாஸை மறுபடி வைக்கும்போது 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையில் 10 மில்லி வோல்ட் வரும்படி பிரீசெட்டை (பயாஸை மாற்றும் சின்னத் திருகு) திருப்புங்கள். அது சுமார் 45 மில்லி ஆம்பியர். சூடான பிறகு இன்னொரு முறை பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கோவையிலிருந்து: ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்கிறது. ஸ்விட்சும் ஒரு வருடத்தில் ஒட்டிக்கொண்டது. 300 விஏ டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர்.

சத்தம், ஸ்விட்ச் முனைகளில் வரும் பொறியால். முனைகளுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோ ஃபாரட், எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி கபாசிட்டர் போடுங்கள். எக்ஸ்2 என்று அச்சிடாத எதையும் மெயின்ஸில் போடாதீர்கள். ஸ்விட்ச் ஒட்டியது வேறு கதை. டொராய்டல், ஆன் செய்கிற நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லைனில் 33 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டு, ஒரு நொடி கழித்து ரிலே அதைத் தாண்டிவிடுகிற சாஃப்ட் ஸ்டார்ட் வையுங்கள். ஃபியூஸும், நொடி நேர அதிக கரண்ட்டைத் தாங்கும் ஸ்லோ புளோ வகையாக இருக்கட்டும்.

ஸ்விட்சை டிசி பக்கம் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசியில் அப்படி அணையாது.

தஞ்சாவூரிலிருந்து: ஆஃப் செய்த பிறகும் சில நொடி பாடுகிறது. கோளாறா?

இல்லை. ஃபில்டர் கபாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ். அது நல்லபடியாக வேலை செய்கிறது.

வேலூரிலிருந்து: கடையில் எத்தனை இஞ்ச் ஹீட் சிங்க் வேண்டும் என்று கேட்கிறார்கள். எப்படிக் கணக்குப் போடுவது?

மொத்த சப்ளை வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமை 20-ஆல் பெருக்கி வருவதால் வகுங்கள். பிளஸ் மைனஸ் 25 என்றால் 50 பெருக்கல் 50, அதாவது 2500. 8 ஓமுக்கு 160-ஆல் வகுத்தால் சேனலுக்குச் சுமார் 16 வாட் சூடு. ஸ்டீரியோவுக்கு 32. வேலூர் வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்து, ஹீட் சிங்க் 80-ஐத் தாண்டக் கூடாது என்றால், 35-ஐ 32-ஆல் வகுங்கள்: வாட்டுக்கு 1.1 டிகிரிக்கு மேல் சூடேறாத ஹீட் சிங்க் வேண்டும். கடைக்காரரிடம் இந்த எண் கிடைக்காவிட்டால், இருப்பதில் பெரியதை வாங்குங்கள், இதில் கூடுதலால் கெட்டது எதுவும் இல்லை. 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் சூடு இரண்டு மடங்கு. துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், படுத்திருந்தால் சூடான காற்று அடைந்துகொள்ளும்.

திருச்சியிலிருந்து: கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. டெஸ்டரும் எரிகிறது.

இரண்டு பின் பிளக் போட்டிருப்பீர்கள். டிரான்ஸ்பார்மரில் பிரைமரிக்கும் மற்ற சுற்றுக்கும் இடையே கொஞ்சம் கசிவு எப்போதும் உண்டு, ஆனால் இன்சுலேஷன் பழுதானாலும் தொட்டால் முதலில் இப்படித்தான் தெரியும். இரண்டையும் கையால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்றே மூன்று பின் கார்டு மாற்றுங்கள். பச்சை ஒயரைக் கேபினெட்டில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தனி ஸ்க்ரூவில், ஸ்டார் வாஷர் வைத்து முடுக்குங்கள். டிரான்ஸ்பார்மர் ஸ்க்ரூவில் சேர்க்க வேண்டாம். சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். அதுவரை ஆம்ப்ளிபயரை ஆன் செய்யாதீர்கள்.