ஓட்டு ரகசியம் என்றால், எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று கட்சிக்காரர்களுக்கு எப்படித் தெரிகிறது?

மாற்றி ஓட்டுப் போட்டதாகச் சொல்லி நாலு வீட்டோடு பேச்சுவார்த்தை கூடாது என்று ஊரில் முடிவெடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலில் ஒன்று உங்கள் வீடு என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் ஓட்டு அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தது உங்கள் பூத்தின் கணக்கு மட்டும்தான். வாக்காளர் பட்டியலில் ஒரு பாகம் ஒரு பூத். பாகத்துக்குள் பெயர்கள் தெருவாரியாக வரும். நம் கிராமங்களில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி. எண்ணும் நாளில் ஒவ்வொரு பூத்தின் ஓட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் எந்திரப் பகுதியான கட்டுப்பாட்டுக் கருவியும் தனித்தனியாக மேசைக்கு வரும். முடிவுப் பொத்தானை அழுத்தியதும் வேட்பாளர்வாரியாக எண் தெரியும், கட்சியின் ஏஜென்ட் குறித்துக்கொள்வார். பிறகு அதே கணக்கு, தொகுதியின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் எல்லோரும் பார்க்கும்படி வந்துவிடும். உதாரணத்துக்கு, 640 ஓட்டு விழுந்த பூத்தில் 30 மட்டும் எதிர்ச் சின்னத்துக்குப் போயிருந்தால், அந்த 30 பேர் யார் என்று டீக்கடையில் ஊகிக்கிறார்கள். ஊகம் நாலு நாளில் உண்மையாகிவிடுகிறது.

ஓட்டுப் போடும் முன் 17ஏ பதிவேட்டில் வரிசைப்படி கையெழுத்துப் போட்டோமே, அதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். முடிவில் வருவது வேட்பாளர்வாரி மொத்தம் மட்டுமே, வரிசை வராது. ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடியில் 7 விநாடி தெரியும் சீட்டிலும் வாக்காளர் பெயர் இருக்காது. ரகசியம் உண்மையாகவே கசியும் இடம் வேறு. பார்வை இல்லாதவர், முடியாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம் என்கிறது தேர்தல்களை நடத்தும் விதிகளில் 49என். ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணையாகப் போகக் கூடாது. கட்சிக்காரர் ஒருவரே பாட்டிகளை வரிசையாக அழைத்துப் போனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அங்கேயே ஆட்சேபம் சொல்லுங்கள், மறுநாள் சொல்லிப் பயனில்லை.

சீட்டு முறை இருந்தபோது இதற்கு வழி இருந்தது. வாக்காளர்கள் மிரட்டப்படவோ பழிவாங்கப்படவோ கூடும் என்று தேர்தல் ஆணையம் கருதினால், பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணலாம் என்றது விதி 59ஏ. எந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 14 கருவிகளின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசரைக் கொண்டுவர ஆணையம் 2008இலேயே யோசனை சொன்னது, 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2019இல் பாஜக வேட்பாளர் மேனகா காந்தி, 80 சதவீதம் ஓட்டுத் தரும் கிராமம் ஏ, 60 என்றால் பி, 50 என்றால் சி, அதற்கும் கீழே டி, ஏ கிராமத்துக்கே முதலில் வேலை நடக்கும் என்று மேடையிலேயே பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. ஆனால் பூத் கணக்கு கையில் இருக்கிறவரை இதை மேடையில் சொல்லாமலே செய்யலாமே!

எந்திரத்தில் மோசடி என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். பூத்வாரி முடிவு இருந்தால்தான், பூத்தில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் எழுதும் 17சி படிவத்தோடு ஒப்பிட முடியும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போது 17சியில் எழுதுவது பதிவான மொத்த ஓட்டுதான். 14 படிவங்களைக் கூட்டி டோட்டலைசரின் மொத்தத்தோடு சரிபார்க்கலாம்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டா 2013இல்தான் வந்தது. அதற்கு முன், ஓட்டுப் போட விரும்பவில்லை என்று பதியவைக்கும் விதி 49ஓவைக் கேட்டவர் ஏஜென்ட்டுகள் காதுபட அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. யாருக்கும் போடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அத்தனை வருஷம் அதை உரிமை என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் படமோ வீடியோவோ அனுப்புங்கள். முடிந்துவிட்டால் அது உதவாது. மிரட்டல் ஓட்டுக்கு முன்பே வந்திருந்தால் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 171, 174 பிரிவுகள் பொருந்தும். ஆனால் அது நீதித்துறை நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை, அதனால்தான் புகாருக்கு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மிக வலுவானது: ஓட்டுக்காகப் பழிவாங்குவதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் குற்றம், டிஎஸ்பி நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் கலெக்டர், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) இருவருக்கும் மனு கொடுங்கள். "ஊர் ஒதுக்கிவைத்தது" என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. எந்தத் தேதி, எந்தக் கடையில் சாமான் மறுத்தார்கள், குழாயில் தடுத்தது யார், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும்.

யாருக்குப் போட்டாய் என்று உங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்கே கிடையாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 94. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால், அவர்கள் கட்சிக்கே நீங்கள் போட்டிருந்தாலும் பண்ணாதீர்கள். ஒரு வீடு பண்ணிவிட்டால் மீதி மூன்று வீடும் மாட்டிக்கொள்ளும்.