முறுக்கு சுற்றுகிறவரை மாற்றட்டுமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பெண்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. கைமுறுக்கு சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "அந்தம்மா கை பட்ட பலகாரம் எங்களுக்கு வேண்டாம்" என்கிறார்கள் ஒரு வீட்டார். நிறுத்த மனசில்லை. அட்டைப்பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றிவிடட்டுமா?
- ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: மாற்றாதீர்கள், ஆச்சி. அடுப்படியிலிருந்து அவரை எழுப்பிவிட்டால், ஊர் பேசியது உண்மைதான் என்று நீங்களே சொன்னதாகிவிடும்.

சமைத்த சாப்பாட்டால் எச்.ஐ.வி. பரவாது. தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவாது. மாவு பிசையும்போது விரலில் கீறல் பட்டால்? யார் விரலில் ரத்தம் வந்தாலும் அந்த மாவைக் கொட்டிவிட்டுக் காயத்தைக் கட்டுவோம். அவருக்கும் அதேதான். கொதிக்கிற எண்ணெயில் அந்தக் கிருமி பிழைக்காது. பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும் வழிகள் வேறு.

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம்கூடப் பரவுவதில்லை. முறுக்கு மூலமா பரவப்போகிறது?

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தபோது இதைத்தான் அதிகம் பார்த்தேன்: உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமே என்று இரண்டு பஸ் மாறி வெளியூர் போய் மாத்திரை வாங்குவார்கள். வீட்டுக்குப் போனதும் டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிடுவார்கள். வேலை போனால் பஸ் காசு போகும், அப்புறம் மாத்திரையும் நின்றுபோகும். இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சட்டமும் அவர் பக்கம்தான். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது.

சரி, அந்த வீட்டாரிடம் என்ன சொல்வது? "எங்கள் ஆட்களின் உடம்பைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. பலகாரத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லுங்கள். இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு ஆர்டர் போனால் போகட்டும். மற்ற பெண்களுக்குப் பயம் இருந்தால், அவர் பெயரை இழுக்காமல் பொதுவாகப் பேசுங்கள். சந்தேகம் தீராதவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.