கடல் சாடியில் உப்புப் பூக்கிறதா? துணியால் துடைக்காதீர்கள்

கேள்வி: பூம்புகார் போயிருந்தபோது, வலையில் சிக்கியது என்று சொல்லி ஒருவர் தந்த இரண்டு கைப்பிடி மண்சாடியை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஷோகேஸில் வைத்த ஐந்தே மாதத்தில் வெள்ளைப் பொடி பூத்து, மேல்தோல் உரிகிறது. ‘ரோமானிய ஆம்போரா (அந்தக் காலத்தில் மது, எண்ணெய் கொண்டுவந்த இரு கைப்பிடிச் சாடி) இது, சான்றிதழ் வாங்கி பெங்களூரில் விற்றுத் தருகிறேன்’ என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்ய?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் சாடியைக் காப்பாற்றுவோம். அந்தப் பொடி கடலுப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும். காய்ந்தால் ஓட்டின் துளைகளுக்குள்ளேயே மறுபடி படிகமாகி, மேல்தோலைத் தள்ளும். ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் இது நடக்கும். துடைத்தால் உப்போடு தோலும் வரும்.

எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு, கீழே சொல்லும் சோதனையில் தேறினால் மட்டும், சாடி முழுகும் பிளாஸ்டிக் தொட்டியில் ஊறப்போடுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் மாவட்டத்துப் போர் தண்ணீரின் கடினத்தன்மை தெரிந்ததுதானே, சுண்ணாம்பு படியும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். முதல் வாரம் தினமும், பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊற்றும்போதும் கொட்டும்போதும் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். கடைசிச் சில முறைக்கு பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். நான்கு நாள் ஊறியும் அளவு ஏறாவிட்டால் உப்பு போய்விட்டது என்று அர்த்தம். சில மாதம்கூட ஆகலாம். நிழலில் காய வையுங்கள். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள்.

ஊறப்போடும் முன் ஒரு சோதனை கட்டாயம். உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். சேறாக ஒட்டினால் சரியாக வேகாத மண். தொட்டியில் போட்டால் குழைந்துவிடும். பூசிய நிறமோ மையெழுத்தோ கரைந்து வந்தாலும் அப்படித்தான். விளிம்பில் ஒட்டாமல், தோல் மட்டும் தகடு தகடாக நின்றாலும் ஊறப்போடாதீர்கள். தண்ணீரில் அந்தத் தகடுகள் மிதந்து போகும். இந்த மூன்றில் எதுவானாலும் கை வைக்காமல் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்துக்கு அனுப்பக் கேளுங்கள்.

ஒட்டியிருக்கும் சிப்பியைப் புளி, வினிகர் போட்டு எடுக்க வேண்டாம். ஓட்டிலுள்ள சுண்ணாம்பும் கரையும். உள்ளே கறுப்புப் பூச்சு இருந்தால் சுரண்டவே கூடாது. மதுச்சாடி கசியாமலிருக்கப் பூசிய பிசினாக இருக்கலாம். பரிசோதனைக்கு அதுதான் முக்கியம்.

இனி புரோக்கர். கைப்பிடி இரண்டு இருந்தாலே ஆம்போரா ஆகிவிடாது. ‘இது ரோமானியது, இன்ன விலை பெறும்’ என்று எந்த அரசு அலுவலகமும் தனியாருக்குச் சான்றிதழ் எழுதித் தராது. தொல்லியல் துறை தருவது, ‘இது தொன்மப் பொருள் அல்ல’ என்ற சான்று. வாங்குபவரிடம் இரண்டாயிரம் வருடம் என்பார்கள், விமான நிலையத்தில் நேற்றுச் சுட்டது என்று இந்தத் தாளைக் காட்டுவார்கள். மாட்டினால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொன்மப் பொருள் வியாபாரம் செய்வதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். ‘டெஸ்டிங் கட்டணம்’ என்று முன்பணம் கேட்டால், அரிசியைக் காந்தம்போல் இழுக்கும் கலசம் என்று ஏமாற்றி விற்ற அதே கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். புதையல் சட்டம் 1878-இல் வந்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் தெரிவி என்ற வரம்பு இன்றும் அதேதான்! பதில் எப்போது வருமோ. உப்பு அதுவரை காத்திருக்காது, நீங்கள் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள்.

விற்றவரை இன்றே போனில் பிடியுங்கள். எந்த இடத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எத்தனை பாகம் (மீனவர்கள் சொல்லும் ஆழ அளவு) ஆழத்தில், என்ன வலையில் சிக்கியது? பூம்புகாரில் அலையடிக்கும் கரையிலேயே உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் பதிவாகியுள்ளன. சாடி அந்தப் பழைய ஊரிலிருந்து வந்ததா, தூரத்தில் மூழ்கிய கப்பலிலிருந்தா என்று யூகிக்கவாவது இந்த விவரம் வேண்டும். எழுதி, ஒரு நகலை மனுவோடு இணையுங்கள்.