550 டாலர் ரைஃபிள்: விற்பதற்கு முன் திருகுகளைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. நவம்பரில் ஹில் கன்ட்ரியில் ஒரு ராஞ்சுக்கு மான் வேட்டைக்கு நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். 550 டாலருக்கு ரூகர் அமெரிக்கன் .308 ரைஃபிளும், 160 டாலருக்கு 3–9×40 ஸ்கோப்பும் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) வாங்கி, நானே பூட்டினேன். 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டதில் இரண்டரை அங்குலம் பரவியிருந்தது. "ஒரு அங்குலத்துக்குள் வராத துப்பாக்கி எதற்கு? விற்றுவிட்டு 1,500 டாலரில் நல்லதாக வாங்கு" என்கிறார் ஒரு நண்பர். விற்றுவிடவா?

பதில்: பொறுங்கள், விற்க வேண்டாம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 4 அங்குலம் இடம் இருக்கிறது. உங்கள் குண்டுகள் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலம் விலகியிருக்கின்றன. இதுவே 200 கஜத்தில் இரண்டரை அங்குலமாகும். ஹில் கன்ட்ரியில் பெரும்பாலும் பிளைண்டு என்ற மறைவுக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பீடர் என்ற தீனிப்பெட்டிக்குத் தின்ன வரும் மானைத்தான் சுடுவார்கள். தூரம் 100 கஜத்தை ஒட்டியே இருக்கும். அந்த வேலைக்கு உங்கள் கையில் இருப்பதே போதும்.

ஆனாலும் இந்த இரண்டரை அங்குலத்தை நான் துப்பாக்கியின் கணக்கில் எழுத மாட்டேன். 2010-ஐ ஒட்டி சாவேஜ் ஆக்சிஸும், 2012-இல் ரூகர் அமெரிக்கனும், பிறகு மாஸ்பர்க் பேட்ரியட்டும் வந்த பிறகு இந்த விலையில் கிடைக்கும் ரைஃபிள்களின் தரமே மாறிவிட்டது. கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடித்தது குழலைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டையிலும் வெளி மெருகிலும்தான். குழலில் பெரிதாகக் கைவைக்கவில்லை. குறி சிதறினால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்கோப் பூட்டிய விதத்தை.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு ஸ்கோப்பை முழுதாகக் கழற்றுங்கள். துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தளத்தின் திருகுகளில் தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருக்கும். அதை ஆல்கஹாலில் துடைக்காமல் எவ்வளவு இறுக்கினாலும், சுடச் சுடத் தளர்ந்துவிடலாம். துடைத்து, காயவிட்டு, அடித்தளத் திருகுக்கு மட்டும் நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விடுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளுக்கு வேண்டாம். பசை வழுக்கி, அளவுக்கு மீறி இறுகி, ஸ்கோப்பின் குழாயே நசுங்கும். அந்தத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு இறுக்கம் போதும். இதைக் கைப்பதத்தில் பிடிக்க முடியாது, அங்குல-பவுண்டு காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்குங்கள். 1,500 டாலர் துப்பாக்கிக்குப் போவதைவிட உபயோகமான செலவு. வளையத்தின் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இறுக்கும் முன் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வையுங்கள், கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாயுங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். காட்சி முழு வட்டமாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் கருப்பு நிழல் விழக் கூடாது. விழுந்தால் ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்துங்கள். இதை 9 மடங்கில் வைத்துப் பார்ப்பது நல்லது, அங்கேதான் கண் வைக்கும் இடத்தில் பிடிவாதம் அதிகம். பழைய கண்ணாடி மாட்டியவரைப் போலக் கழுத்தை நீட்டிப் பார்க்கும்படி இருந்தால், ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் உட்காரும். குறியும் அதற்கேற்ப அலையும். ஸ்கோப்புக்குள் தெரியும் நிற்கும் கோடு செங்குத்தா என்று தெரிந்துகொள்ள, தூரத்தில் ஒரு கயிற்றில் கனமான எதையாவது கட்டித் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்து கட்டை. இந்த ரகத் துப்பாக்கியில் முன்கட்டை மெலிந்த பிளாஸ்டிக். ஒரு தாளை மடிக்காமல் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். அப்புறம் அதே தாள் உள்ளே இருக்க, சுடும்போது அழுத்துவது போல முன்கட்டையை மணல் பையில் அழுத்துங்கள். தாள் சிக்கினால் விஷயம் புரிந்துவிடும்: அழுத்தும்போது கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது. முன்கட்டையின் நுனியைத் தாங்காமல், மேகசினுக்கு (தோட்டாப் பெட்டி) சற்று முன்னால் பையை வையுங்கள். பலருக்கு இது ஒன்றே பரவலைக் குறைத்துவிடும். கட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கிவிடுங்கள்.

இப்போது தோட்டா. ஒரே துப்பாக்கி ஒரு கம்பெனியின் 150 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவை விரும்பும், இன்னொன்றின் 150 கிரெய்னைத் துப்பும். ஏன் என்று வாதாடுவதில் பயனில்லை. பெடரல் பவர்-ஷாக், ரெமிங்டன் கோர்-லாக்ட், ஹார்னடி அமெரிக்கன் ஒயிட்டெயில் என மூன்று ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள். விலை குறைவு என்று முழு உறைத் தோட்டாவை (குண்டை முழுக்க உலோகம் மூடியது) வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். அது விரியாமல் துளைத்துக்கொண்டு போகும், மான் அடிபட்டு ஓடி எங்கோ கிடந்து சாகும்.

முதலில் 25 கஜத்தில் சுடுங்கள். போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தண்டு) எடுத்துவிட்டு, குழல் வழியே பார்த்து இலக்கை நடுவில் நிறுத்தி, ஸ்கோப்பின் கோட்டையும் அங்கே கொண்டுவந்தால் முதல் குண்டே தாளில் விழும். உங்கள் ஸ்கோப்பின் சரிசெய்யும் குமிழில் ஒரு கிளிக் 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம் என்றால், 25 கஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். இங்கே குண்டு குறிக்கு அரை முதல் முக்கால் அங்குலம் கீழே விழுந்தால், 100 கஜத்தில் ஏறக்குறைய சரியாக இருக்கும். அப்புறம் 100 கஜத்துக்குப் போங்கள்.

மூன்று குண்டுக் கூட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் உங்கள் நண்பர் செய்யும் தவறு. மூன்றில் சராசரியாக ஒரு அங்குலம் பரவும் துப்பாக்கி, பத்தில் சராசரியாக ஒன்றரை அங்குலம் பரவும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, குண்டுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதே துப்பாக்கி அதிர்ஷ்டத்தில் அரை அங்குலமும் தரும், அந்தத் தாளைத்தான் எல்லோரும் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள்! நீங்கள் ஒவ்வொரு ரகத்திலும் ஐந்து ஐந்தாக இரண்டு கூட்டம் சுட்டு, பத்தையும் சேர்த்துப் பாருங்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். இரண்டு மூன்று குண்டுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து ஆறவிடுங்கள். பத்து குண்டு இரண்டு அங்குலத்துக்குள் வந்தால் மான் வேட்டைக்கு நல்ல துப்பாக்கி. இத்தனைக்குப் பிறகும் மூன்று ரகமும் மூன்று அங்குலத்தைத் தாண்டினால், நண்பரிடம் வேறொரு ஸ்கோப்பை இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். அதிலும் மாறவில்லை என்றால்தான் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

சுடுபவரையும் சோதிக்க வேண்டுமே. ஆறு ஏழு பவுண்டு எடையில் .308 என்பது தோளில் நன்றாகவே உதைக்கும். மேகசினை நண்பர் நிரப்பட்டும். நடுநடுவே உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். ட்ரிக்கரை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தத்தோடு குழல் நுனி கீழே குனிந்தால், உங்கள் உடம்பு உதையை எதிர்பார்த்துப் பதறுகிறது. காதுக்கு நுரை அடைப்பான், அதன் மேல் மப் (காதை மூடும் கவசம்), இரண்டும் போட்டாலே பாதிப் பதற்றம் போகும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ஸ்கோப்பைக் கடைசியாக 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே அடிக்கும்படி நிறுத்துங்கள். வழக்கமான 150 கிரெய்ன் தோட்டா 200 கஜத்தில் சுமார் ஒரு அங்குலம் கீழே விழும். அந்தத் தூரம் வரை மானின் நடுவையே குறிவைக்கலாம், கணக்குப் போட வேண்டாம். பிறகு மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும், ஊன்றுகோலில் தாங்கியும், 8 அங்குலக் காகிதத் தட்டில் சுட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தும் எந்தத் தூரம் வரை தட்டில் விழுகிறதோ, அதுதான் இந்த சீசனில் உங்கள் எல்லை. ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் குளிர்ந்த குழலின் முதல் குண்டைத் தனித் தாளில் சுட்டுச் சேர்த்து வையுங்கள். மான் நிற்கும்போது கிடைப்பது அந்த ஒரு குண்டுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் டெக்சாஸில் வேட்டையாட, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். உரிமம் எல்லோருக்கும் தேவை. உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் துப்பாக்கி வாங்குவதில் சிக்கல் இல்லை. ஆனால் எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பர் யாராவது கூட வந்தால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இல்லாமல் அவர் உங்கள் துப்பாக்கியைத் தொட்டுப் பார்ப்பதுகூட மத்தியச் சட்டப்படி குற்றமாகலாம். ரேஞ்சுக்குக் கூட்டிப் போகும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த தோட்டாவில் ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) உள்ள பெட்டிகளாகப் பார்த்து இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் கடைகளில் அலமாரி காலியாகிவிடும்.